வெயில் அடிக்கும்போதும் விமானத்துக்கு ஏன் டீ-ஐசிங்?

சிங்கப்பூர் செங்காங்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். கடிதம் நீளம், சுருக்கித் தருகிறேன்:

"அண்ணே, போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மியூனிக் போய்த் திரும்பினோம். புறப்பட்ட அன்று பனி பெய்யவில்லை, நல்ல வெயில், வெளியில் 3 டிகிரி என்று விமானி சொன்னார். அப்படியும் டீ-ஐசிங் (விமானத்தில் படிந்த பனியை எடுக்கத் திரவம் தெளிப்பது) பண்ணவேண்டும் என்று நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு முன்னால் போன விமானம் எதுவும் தெளிக்காமல் நேரே ஓடுபாதைக்குப் போய் ஏறிவிட்டது. அதற்கு முந்தைய வருடம் சப்போரோவில் நல்ல பனிப்பொழிவு, ஒரு தடவை தெளித்து ஓடுபாதை வரைக்கும் போன பிறகு திரும்பி வந்து மறுபடி முதலிலிருந்து தெளித்தார்கள், நள்ளிரவாகிவிட்டது. இதையெல்லாம் யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? பக்கத்தில் இருந்தவர் 'விமானி ரொம்பப் பயப்படுகிறார்' என்றார். நான் இறக்கைக்கு மேலே உள்ள ஜன்னலில்தான் இருந்தேன். சந்தேகமாக ஏதாவது தெரிந்தால் நம்மைப் போன்றவர்கள் சொல்லலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டு இருப்பதுதான் சரியா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: சொல்லுங்கள், கட்டாயம் சொல்லுங்கள். ஏன் என்று பிறகு விளக்குகிறேன், அதற்கு முன்னால் மற்றதைப் பார்த்துவிடலாம்.

நான் விமானப் பராமரிப்புப் பொறியாளர். தொழில் கற்றது சாங்கி விமான நிலையத்தில், அப்புறம் சில குளிர்காலங்கள் ஐரோப்பாவில் வேலை. இங்கிருந்து அங்கே போகும் எல்லோரும் முதலில் வானத்தைத்தான் பார்ப்பார்கள், பனி பெய்தால் தெளிக்கவேண்டும், பெய்யாவிட்டால் வேண்டாம் என்று. நாங்கள் பார்ப்பது வானத்தை அல்ல, இறக்கையை. வெளியில் 3 டிகிரி என்பது காற்றின் வெப்பநிலை, இறக்கைத் தகட்டின் வெப்பநிலை வேறு. மியூனிக்கில் உங்களுக்கு நடந்ததற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும்.

இங்கிருந்து மியூனிக்குக்கு 13 மணி நேரம் போல ஆகும். அவ்வளவு நேரமும் வெளியில் மைனஸ் 50 டிகிரிக்குப் பக்கத்தில். எரிபொருள் இருப்பது இறக்கைக்குள்ளேதான், ஆகவே இறங்கும்போது தொட்டியில் மீதி இருப்பது மைனஸ் 15, மைனஸ் 20 என்று உறைந்த குளிரில் இருக்கும். தரைக்கு வந்ததும் அது சட்டென்று சூடாகிவிடாது. காப்பிக்கடையில் ஐஸ் மைலோ டம்ளருக்கு வெளியே வேர்க்கிறதே, அதே வேலைதான் இறக்கையிலும் நடக்கிறது, ஒரு வித்தியாசம், தகடு பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதால் வேர்வை தண்ணீராக நிற்காமல் உறைபனியாகப் படிந்துவிடும். விடிவதற்கு முன் வந்து இறங்கிய விமானம், மேகமில்லாத வானம், காற்றில் கொஞ்சம் ஈரம், இது போதும். மேகமில்லாத இரவில் தகடு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிடும், அதனால் காற்று பூஜ்யத்துக்கு மேலே இருக்கும்போதே தகடு கீழே போய்விடும். பிறகு வெயில் வந்து ஒரு இறக்கை காய்ந்திருக்கும், மற்றொன்று கட்டடத்தின் நிழலிலோ விமானத்தின் சொந்த நிழலிலோ வெள்ளையாகவே நிற்கும். நீங்கள் வெயில் பக்கம் உட்கார்ந்திருந்தால் உங்களுக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. ஒரு இறக்கையில் மட்டும் பனி இருந்தாலும் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் தெளிக்கவேண்டும் என்பது விதி, இரண்டு பக்கமும் காற்று ஒரே மாதிரி ஓடவேண்டும் இல்லையா.

இது குளிர்நாட்டுச் சமாச்சாரம் மட்டும் என்று நினைக்காதீர்கள். நீண்ட பயணம் முடிந்து வரும் விமானத்தின் இறக்கைக்கு அடியில், தொட்டி இருக்கும் இடத்தில், சாங்கியின் 30 டிகிரி வெக்கையில்கூட தண்ணீர் கோத்துக்கொண்டு சொட்டும், சில நேரம் வெள்ளையாக உறைபனியே பிடித்திருக்கும். புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர்கள் அதை நம்பமாட்டார்கள், விரலை வைத்துப் பார்க்கச் சொல்வோம். இங்கே வெதுவெதுப்பான எரிபொருளை நிரப்பியதும் அது கரைந்துவிடும். மியூனிக் டிசம்பரில் நிரப்பும் எரிபொருளே குளிர்ந்துதான் வரும், அதுவும் தொட்டி நிரம்ப நிரம்ப மேல்தகட்டையும் தொடும்.

சரி, உங்களுக்கு முன்னால் போன விமானம்? அது விமானக் கொட்டகைக்குள் இரவு நின்றிருக்கலாம், பக்கத்து ஊரிலிருந்து ஒரு மணி நேரம் பறந்து வந்து எரிபொருள் அவ்வளவு குளிராமல் இருந்திருக்கலாம், நாள் முழுக்க வெயிலில் நின்று இறக்கை காய்ந்தே இருந்திருக்கலாம். பக்கத்து விமானத்தை வைத்து நம் விமானத்தைக் கணிக்க எந்த வழியும் இல்லை, விமானிகளும் அப்படிக் கணிக்கக்கூடாது என்றுதான் பயிற்சியில் சொல்லித்தருகிறார்கள்.

இப்போது அளவு. எவ்வளவு பனி இருந்தால் தெளிக்கவேண்டும்? இறக்கையின் மேல்பக்கம், அதிலும் முன்விளிம்பு, வாலில் உள்ள சிறு இறக்கைகள், அசையும் பாகங்கள், இவற்றில் ஒட்டிக்கொண்டிருக்கும் பனி எதுவும் இருக்கக்கூடாது. 'கொஞ்சம்தானே' என்ற பேச்சுக்கே இடமில்லை. அடிப்பக்கத்தில், தொட்டிக்குக் கீழே, 3 மில்லிமீட்டர் வரை உறைபனியைப் பல விமான ரகங்களில் தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். உடல்பகுதியில் மெல்லிய உறைபனி இருக்கலாம், அடியில் எழுதியிருக்கும் எழுத்து படிக்கிற மாதிரி தெரிந்தால் சரி. மேல்பக்கத்துக்கு விலக்கு அபூர்வம். போயிங் 737இன் சில ரகங்களில் இறக்கை மேல் கறுப்புக் கோடு போட்டு ஒரு பகுதியைக் குறித்திருப்பார்கள், அந்தக் கோட்டுக்குள் மட்டும், அதுவும் வெளிவெப்பம் குறைந்தது 4 டிகிரி, எரிபொருள் மைனஸ் 16க்குக் கீழே போகாமல், மழையோ மூடுபனியோ இல்லாமல் இருந்தால், குளிர்ந்த எரிபொருளால் வந்த லேசான உறைபனியோடு போகலாம். நிபந்தனையில் ஒன்று பொய்த்தாலும் திரவம் தெளிக்கும் லாரியைக் கூப்பிடவேண்டியதுதான்.

ஏன் இவ்வளவு கறார் என்று கேட்பீர்கள். பனியின் எடையால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். எடை பெரிய விஷயமே இல்லை, சொரசொரப்புதான் விஷயம். நடுத்தர உப்புத்தாள் அளவுக்குச் சொரசொரப்பான உறைபனி முன்விளிம்பிலும் மேல்பக்கத்திலும் இருந்தால், விமானத்தைத் தூக்கும் விசை 30 சதவீதம் வரை குறையும், பின்னுக்கு இழுக்கும் விசை 40 சதவீதம் வரை கூடும். அதைவிட மோசம், வழக்கமாக மூக்கை எந்த அளவு வரை உயர்த்தினால் இறக்கை தாங்குமோ, அந்த அளவுக்கு முன்பே அது காற்றை விட்டுவிடும், விமானிக்கு எச்சரிக்கை கொடுக்கும் கருவி சுத்தமான இறக்கையைக் கணக்கில் வைத்து அமைத்தது, அது வாய் திறப்பதற்குள் விமானம் விழத் தொடங்கியிருக்கும். 2004 நவம்பரில் சீனாவின் பாவ்தோவில் ஒரு சிறிய ஜெட் ஏறிய சில நொடிகளில் விழுந்து தரையில் இருந்த இருவரோடு சேர்த்து 55 பேர் இறந்தார்கள். இரவு முழுக்க வெளியில் நின்ற விமானம், இறக்கையில் உறைபனி, தெளிக்கவில்லை. புயலோ பனிமழையோ ஒன்றும் இல்லை.

'விமானத்திலேயே இறக்கையைச் சூடாக்கும் வசதி இருக்கிறதே' என்று இன்னொரு வாசகர் முன்பு கேட்டிருந்தார். இருக்கிறது, ஆனால் அது பறக்கும்போது முன்விளிம்பை மட்டும் காப்பது. தரையில் இறக்கை முழுக்கப் படிந்ததை அது எடுக்காது.

யார் முடிவு செய்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். கடைசிப் பொறுப்பு விமானத் தலைவருடையது, கேப்டன். ஆனால் அவர் ஒருவர் கண்ணை மட்டும் நம்பி இது நடப்பதில்லை. தரையில் பயிற்சி பெற்றவர் சுற்றிவந்து பார்க்கிறார், விமானிகளில் ஒருவரும் சுற்றிவருகிறார். காற்றின் வெப்பம், பனிப்புள்ளி (காற்றில் உள்ள ஈரம் படியத் தொடங்கும் வெப்பநிலை), இரவு எங்கே நின்றது, எரிபொருள் எவ்வளவு குளிர், மழையா தூறலா என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பார்கள். தரை ஆள் வேண்டும் என்றால் விமானி வேண்டாம் என்று தள்ளிவிடுவது வழக்கமில்லை, விமானி வேண்டும் என்றால் தரை ஆள் பேரம் பேசக்கூடாது. யாராவது ஒருவர் 'வேண்டும்' என்றாலே வேண்டும். என் அனுபவத்தில் நல்ல கேப்டன்கள் 'சந்தேகமாக இருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டதும் மறுகேள்வி கேட்காமல் லாரிக்குச் சொல்லிவிடுவார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்லுங்கள், அதற்குப் பெயர் பயம் இல்லை.

கண்ணால் பார்ப்பது போதாத நேரமும் உண்டு. கண்ணாடி மாதிரியான பனிக்கட்டி, கிளியர் ஐஸ் என்போம். மழை குளிர்ந்த தகட்டில் விழுந்து அப்படியே உறைந்துவிடும், வெறும் ஈரத் தகடு மாதிரியே பளபளவென்று இருக்கும், மேலே நின்று டார்ச் அடித்தாலும் தெரியாது. அதற்குக் கைதான். ஏணியில் ஏறி, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் உள்ளங்கையை முன்விளிம்பிலிருந்து பின்னால் வரை தடவிக்கொண்டு போகவேண்டும். ஈரத் தகட்டில் ஆணித் தலைகள், தகடுகள் சேரும் கோடு, எல்லாம் விரலுக்கு மாட்டும். பனிக்கட்டி இருக்கும் இடத்தில் ஒன்றும் மாட்டாது, வழவழவென்று வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழவழப்புதான் ஆபத்து. 1991 டிசம்பர் 27ஆம் தேதி ஸ்டாக்ஹோமிலிருந்து கிளம்பிய எம்டி-81 விமானம் ஒன்றுக்கு டீ-ஐசிங் நடந்திருந்தது, ஆனால் இந்தக் கிளியர் ஐஸ் இறக்கையில் விட்டுப்போயிருந்தது. அது பெயர்ந்து வாலில் உள்ள இரண்டு என்ஜினுக்குள்ளும் போக, இரண்டும் நின்றுபோய், கோட்ரோரா என்ற ஊருக்குப் பக்கத்தில் வயலில் இறங்கி மூன்று துண்டானது. 129 பேரும் உயிரோடு வந்தார்கள்.

சப்போரோ கதைக்கு வருகிறேன், உங்களுக்கு அதிகம் எரிச்சல் வந்தது அங்கேதான் என்று கடிதத்திலேயே தெரிகிறது. பனி பெய்துகொண்டிருக்கும்போது இரண்டு வேலை. முதலில் இருப்பதை எடுக்கவேண்டும், அப்புறம் புதிதாக விழுவது ஒட்டாமல் பார்க்கவேண்டும். முதல் வேலைக்கு ஆரஞ்சு நிறத் திரவம், டைப் 1. கிளைக்கால் என்ற, உறையவிடாமல் தடுக்கும் இரசாயனமும் தண்ணீரும், நன்றாகச் சூடுபடுத்தி, குழாய் முனையில் குறைந்தது 60 டிகிரி இருக்கிற மாதிரி அடிப்பார்கள். சூடும் அழுத்தமும்தான் பனியை எடுக்கின்றன. அது தண்ணீர் மாதிரி ஓடிவிடும், நிற்காது. அதனால் மூன்று நிமிடத்துக்குள் அதன் மேலே பச்சை நிற டைப் 4ஐப் போடவேண்டும், இது கொழகொழவென்று இறக்கையில் போர்வை மாதிரி நிற்கும். விழும் பனி அதில் கரைந்துவிடும். விமானம் ஓடி வேகம் எடுக்கும்போது காற்றே அதை வழித்துத் தள்ளிவிடும். பச்சை அலை அலையாகப் பின்னால் ஓடுவதை நீங்கள் ஜன்னலில் பார்த்திருப்பீர்கள், அது அப்படித்தான் நடக்கவேண்டும், பயப்படாதீர்கள். மியூனிக் வெயிலில் பனி எதுவும் விழாததால் சூடான ஆரஞ்சு மட்டும் போதியிருக்கும்.

அந்தப் போர்வைக்கு ஆயுள் உண்டு, ஹோல்டோவர் டைம் என்பார்கள். கடைசித் திரவத்தை அடிக்கத் தொடங்கிய நொடியிலிருந்து கடிகாரம் ஓடும், முடித்த நொடியிலிருந்து அல்ல. இதைப் பலர் தவறாக நினைக்கிறார்கள், பெரிய விமானத்துக்கு அடித்து முடிப்பதற்குள்ளேயே பல நிமிடம் போயிருக்கும். வேலை முடிந்ததும் தரைக்குழு விமானியிடம் என்ன திரவம், எத்தனை சதவீதக் கலவை, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று சொல்லும். அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏயும் கனடாவின் போக்குவரத்துத் துறையும் ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் புதிய அட்டவணை வெளியிடுகின்றன. வெப்பநிலை ஒரு பக்கம், விழுவது என்ன என்பது மறுபக்கம், நடுவில் நிமிடக் கணக்கு. டைப் 1 மட்டும் போட்ட அலுமினிய இறக்கையில், மைனஸ் 3 டிகிரிக்கு மேலே, மிதமான பனிப்பொழிவில் கிடைப்பது சுமார் 6 முதல் 11 நிமிடம்தான். ஏ350, 787 போன்ற கார்பன் இழை இறக்கைகளில் இன்னும் குறைவு. டைப் 4 இதைவிடப் பல மடங்கு தாங்கும், ஆனால் பனி வலுத்தால் அதுவும் கரைந்துபோகும். கனத்த பனிப்பொழிவுக்கும், விழுந்ததும் உறையும் பெருமழைக்கும் அட்டவணையில் நிமிடமே கிடையாது.

உங்கள் விமானம் வரிசையில் நின்றபோது பனி வலுத்திருக்கும், அல்லது ஓடுபாதையைச் சுத்தம் செய்ய மூடியிருப்பார்கள், கணக்கு தாண்டியிருக்கும். அப்போது விமானிக்கு இரண்டு வழி. புறப்பட ஐந்து நிமிடத்துக்குள் இறக்கையை நேரில் பார்த்து உறுதி செய்யவேண்டும், இல்லையென்றால் திரும்பவேண்டும். சில நேரம் விமானி ஒருவர் பயணிகள் பகுதிக்கு வந்து ஜன்னல் வழியே இறக்கையைப் பார்ப்பதை இதற்காகத்தான் செய்கிறார். பளபளப்பு இருக்கிறதா, மங்கிவிட்டதா? விழும் துகள் கரைகிறதா, மேலேயே உட்கார்ந்துவிட்டதா? இருட்டில், கொட்டும் பனியில், ஜன்னல் கண்ணாடியில் திரவம் வழிந்துகொண்டிருக்கும்போது அதை உறுதியாகச் சொல்ல முடியாது. சொல்ல முடியாவிட்டால் திரும்புவதுதான் சரி. திரும்பினால் பழைய பச்சையின் மேலேயே புதுப் பச்சையை ஊற்றிவிட முடியாது, எல்லாவற்றையும் வழித்துவிட்டு மறுபடி ஆரஞ்சிலிருந்து தொடங்கவேண்டும். அதனால்தான் இரண்டாவது தடவையும் அவ்வளவு நேரம் எடுத்தது.

திரும்பாமல் போனவர்களும் உண்டு. 1982 ஜனவரி 13, வாஷிங்டன், ஏர் ஃப்ளோரிடா 90. டீ-ஐசிங் முடிந்து ஏறக்குறைய 49 நிமிடம் பனியில் நின்றுவிட்டு ஏறியது, பாலத்தில் மோதி போட்டோமாக் ஆற்றில் விழுந்தது, 78 பேர் இறந்தார்கள். அந்த விபத்தில் என்ஜினின் பனித்தடுப்பையும் போடாமல் விட்டிருந்தார்கள், உணரியில் பனி அடைத்து கருவி இருப்பதைவிட அதிக உந்துவிசையைக் காட்டியது. பத்து வருடம் கழித்து 1992 மார்ச் 22, நியூயார்க் லகார்டியா, யுஎஸ்ஏர் 405. இரண்டு தடவை தெளித்திருந்தார்கள், இரண்டாவது தெளிப்புக்குப் பிறகு சுமார் 35 நிமிடம் ஆகிவிட்டது. ஏறும்போது விழுந்து 27 பேர் இறந்தார்கள். டைப் 1 மட்டும்தான் போட்டிருந்தார்கள். இன்றைய அட்டவணையை வைத்துப் பார்த்தால் அந்த 35 நிமிடத்தில் பெரும்பகுதி எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் நின்ற நேரம். உங்கள் சப்போரோ விமானி திரும்பியது இந்த மாதிரி ஒரு நிலைமையிலிருந்துதான்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. 1989 மார்ச் 10, கனடாவில் டிரைடன் என்ற சிறிய ஊர். ஏர் ஒன்டாரியோவின் ஃபோக்கர் எஃப்28. விமானத்தின் துணை என்ஜின் பழுது, அந்த ஊரில் வெளியிலிருந்து என்ஜினைக் கிளப்பும் வண்டி இல்லை, அதனால் ஒரு என்ஜினை நிறுத்தாமலே வைத்திருந்தார்கள். என்ஜின் ஓடும்போது அந்த ரகத்துக்கு டீ-ஐசிங் செய்யக்கூடாது. பனி பெய்துகொண்டிருந்தது, நேரமும் போய்க்கொண்டிருந்தது, இறக்கையில் பனியோடு கிளம்பி ஓடுபாதைக்கு அப்பால் காட்டில் விழுந்தது. 69 பேரில் 24 பேர் இறந்தார்கள். நீதிபதி மோஷான்ஸ்கி தலைமையில் நடந்த விசாரணை 1992இல் 191 பரிந்துரைகளோடு முடிந்தது. அந்த விசாரணையில் என்னை உலுக்கிய விஷயம் இது: பயணிகளாக உட்கார்ந்திருந்தவர்களில் தொழில்முறை விமானிகள் இருந்தார்கள், பனி அவர்கள் கண்ணில் பட்டது, பணிப்பெண்ணுக்கும் தெரிந்தது. விமானி அறைக்கு யாரும் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருக்கும், நாம் ஏன் நடுவில் போகவேண்டும் என்ற தயக்கம்தான். நம் ஊர்க்காரர்களுக்கு இந்தத் தயக்கம் இன்னும் கொஞ்சம் கூடவே உண்டு, பெரியவர்கள் வேலையில் தலையிடக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிடுங்கள். விமானி அறையிலிருந்து பார்த்தால் பல விமானங்களில் இறக்கை முழுதாகத் தெரியாது, உங்கள் ஜன்னலிலிருந்து தெரியும்.

எப்படிச் சொல்வது? இறக்கையின் மேலே வெள்ளையாக, சொரசொரப்பாக ஏதாவது ஒட்டிக்கொண்டு, விமானம் தெளிப்பே இல்லாமல் ஓடுபாதையை நோக்கிப் போகிறது என்றாலோ, தெளித்த பிறகு பனி மறுபடி திட்டுத் திட்டாக உட்கார்ந்து அசையாமல் இருக்கிறது என்றாலோ, அழைப்பு மணியை அழுத்துங்கள். பணியாளர் எழுந்து வர முடியாத நேரமாக இருந்தால் இருக்கையிலிருந்தே உரக்கச் சொல்லுங்கள். "இறக்கை மேல் பனி இருக்கிறது, கேப்டனிடம் சொல்லுங்கள்" என்ற ஒரு வாக்கியம் போதும், விளக்கம் வேண்டாம், மன்னிப்பும் கேட்கவேண்டாம். நீங்கள் பார்த்தது வெறும் பச்சைத் திரவமாக இருந்தால் அவர்கள் அப்படிச் சொல்வார்கள், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து இதற்காக எந்த விமானியும் கோபப்பட்டதில்லை.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். தெளிக்கும்போது காற்றோட்டத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிடுவார்கள், திரவத்தின் ஆவி உள்ளே வராமல் இருக்க. புழுக்கமாக இருக்கும், அப்படியும் லேசாக இனிப்பு வாடை வந்தால் அது கிளைக்கால், கூட வரும் வயதானவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அப்புறம், டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை ஐரோப்பாவிலோ வட ஜப்பானிலோ விமானம் மாறுவதாக இருந்தால் ஒரு மணி நேர இடைவெளியில் டிக்கெட் எடுக்காதீர்கள். மூன்று மணி நேரமாவது விடுங்கள், விடிகாலை முதல் விமானங்களுக்கு இன்னும் கூட்டியே வையுங்கள். இரவெல்லாம் வெளியில் நின்ற விமானங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் லாரிக்கு வரிசை கட்டும் நேரம் அதுதான்.